இரண்டாவது புகைபோக்கி

டண்டீ நகரத்துக் கடற்காகங்களுக்கு வாக்குரிமை கிடையாது. இருந்திருந்தால் கிர்க்பிரே வார்டின் முடிவு முதல் சுற்றிலேயே தெரிந்துபோயிருக்கும். அந்த வார்டில் மனிதர்களைக் காட்டிலும் அவற்றின் எண்ணிக்கை அதிகம் என்பது ஒரு காரணம். எந்தப் புகைபோக்கி தமக்கு வேண்டும் என்பதில் அவற்றுக்கு ஒருபோதும் ஐயம் ஏற்பட்டதில்லை என்பது மற்றொரு காரணம். மனிதர்களின் நிலைமை வேறு. தமக்கு வேண்டியது எது என்று தெரிந்துகொள்வதற்கே அவர்களுக்குப் பாதி ஆயுள் போய்விடுகிறது. தெரிந்துகொண்டதை வாய்விட்டுச் சொல்ல மீதிப் பாதி போதாமல் போகிறது.

லோர்ன் வெடர்பர்ன் இப்போது அந்த மீதிப் பாதியில் இருந்தார். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர்; அவருடைய பேருந்தில் ஏறி இறங்காத குடும்பம் கிர்க்பிரேயில் இல்லை. முந்தைய நாள் நகர மன்றத் தேர்தலின் வாக்களிப்பு முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலையில், ஊரின் விளையாட்டரங்கு ஒன்றில், பூப்பந்துக் கோடுகள் போட்ட தரையின்மேல் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த இயந்திரங்கள் வாக்குச்சீட்டுகளை ஒவ்வொன்றாக விழுங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. கட்சிக்காரர்கள் தத்தம் நிறத்தில் பட்டுப்பூ குத்தியிருந்தார்கள். லோர்ன் சுயேச்சை. அவர் மார்பில் இருந்த சாம்பல் நிறப் பூ, அவருடைய நண்பரும் தேர்தல் முகவருமான எக் மாத்தீசன் தம் வீட்டுப் பழைய திரைச்சீலையை வெட்டித் தைத்தது. தச்சுவேலை செய்தவர் கையில் ஊசி கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பூவே சாட்சி.

எக் சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பிரைடி ஒன்றை எடுத்துப் பாதியாகப் பிட்டார். உள்ளிருந்த இறைச்சியும் வெங்காயமும் மணத்தன.

"முகத்தப் பாத்தா எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருக்கு. ஜெயிச்சாலும் இப்படியேதான் நிப்பியாடா?"

"ஜெயிக்கிறதப் பத்தி நான் நெனைக்கல, எக்."

"அது தெரியுது. மெஷினு இந்தப் பக்கம் இருக்கு. நீ அந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கிற."

அந்தப் பக்கம், தேநீர் மேசையின் அருகே, ரோனா ஆபர்நெத்தி நின்றுகொண்டிருந்தாள். அவளும் சுயேச்சை, அதே வார்டு. அவளும் லோர்னும் இன்னும் சட்டப்படி கணவன் மனைவி. ஏழாண்டாக ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை.

கிர்க்பிரே ஒரு சரிவின்மீது அமைந்த வார்டு. மேட்டுத் தெருக்களில் லோர்ன் இருந்தார். துறைமுகத்தை ஒட்டிய கீழ்த்தெருக்களில் ரோனா இருந்தாள். இரண்டுக்கும் நடுவே, கம்பிவேலி போட்ட ஒரு வெற்றிடத்தில், செங்கல் புகைபோக்கி ஒன்று மட்டும் தனியே நின்றது. அங்கேதான் ஒரு காலத்தில் ஸ்டீமி இருந்தது. வீட்டில் வெந்நீர் இல்லாத காலத்தில் பெண்கள் பழைய குழந்தை வண்டிகளில் அழுக்குத் துணியை ஏற்றிக்கொண்டு வந்து வெளுத்த பொதுச் சலவைக்கூடம் அது. பின்னாளில் வெளுப்பு நின்று, தெருக்காரர்களே அறக்கட்டளை வைத்து அதை நடனத்துக்கும் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் ஆன மண்டபமாக்கினார்கள். லோர்ன் அதன் தலைவர்; ரோனா குழு உறுப்பினர். அங்கே நடந்த ஒரு நடனத்தில்தான், இணைமாறும் சுற்றில் மாறிப் போகவேண்டியவள் மாறாமல் லோர்னின் கையைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். வரிசை குலைந்து எல்லாரும் திட்டினார்கள். அடுத்த கோடையில் அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

பிறகொரு மாரிக்காலப் புயலில் ஸ்டீமியின் கூரை பறந்தது. பழுது பார்ப்பதா, இடத்தை விற்பதா என்று குழு கூடியது. சரிபாதி கைகள் இப்படியும் சரிபாதி அப்படியும் உயர்ந்தன. சமநிலை வந்தால் தலைவரின் தீர்மான வாக்கே முடிவு என்பது அறக்கட்டளையின் விதி. லோர்ன் விதிமுறைப் புத்தகத்தைத் திறந்தார், படித்தார், கையிருப்பு இல்லை, சுவர் எந்நேரமும் விழலாம், பிள்ளைகள் அங்கே விளையாடுகிறார்கள் என்று எல்லாவற்றையும் நேர்மையாக எண்ணிப் பார்த்தார், விற்பதற்கு வாக்களித்தார். இத்தனைக்கும் நடுவில் அவர் ஒருமுறைகூட எதிர்வரிசையில் கை உயர்த்தியிருந்த தம் மனைவியை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வாங்கியவர் சுவர்களை இடித்த கையோடு நொடித்துப்போனார். புகைபோக்கியும் வேலியும் மிஞ்சின.

ரோனா வீட்டைவிட்டுப் போனபோது சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியை மூடிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நீ தப்பா ஓட்டுப் போட்டேன்னு நான் சொல்லல. தலையத் தூக்கி என்னை ஒரு தடவ பாத்துட்டு அதையே போட்டிருந்தாக்கூட நான் இருந்திருப்பேன்."

அவர்கள் வீட்டு வாசற்கதவில், அந்த நாட்டு வழக்கப்படி, பித்தளைத் தகட்டில் இருவர் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பிறந்தகப் பெயர் போய்விடாத ஊர் அது. லோர்ன் இன்னும் ஞாயிறுதோறும் அந்தத் தகட்டைத் துலக்குகிறார். இரண்டு பெயரையும்தான்.

இந்த முறை அவர் தேர்தலில் நிற்க மனுக் கொடுத்தபோது, அவளும் கொடுத்திருப்பது அவருக்குத் தெரியாது. வேட்பாளர் பெயர்களை வெளியிட்ட அன்று நூலகத்து அறிவிப்புப் பலகையில் பார்த்தார். ஆங்கில அகரவரிசைப்படி ஆபர்நெத்தி முதலில் இருந்தது, வெடர்பர்ன் கடைசியில். நடுவே ஐந்து பெயர்கள். விலகிக்கொள்ள இன்னும் அவகாசம் இருந்தது. ஒரே வார்டில் இரண்டு சுயேச்சைகள் ஒரே கூட்டத்தின் வாக்கைப் பங்குபோட்டால் இரண்டு பேரும் தோற்பது உறுதி என்று எக் இடித்துச் சொன்னார். லோர்ன் கேட்கவில்லை. ஏழாண்டுக்குப் பிறகு தம் பெயரும் அவள் பெயரும் மறுபடி ஒரே தாளில் அச்சாகப் போகின்றன. அந்தத் தாளிலிருந்து தம் பெயரைத் தாமே அடிப்பதற்கு அவருக்கு மனம் வரவில்லை.

ஆனால் எக் சொன்னதில் உள்ள உண்மையை அவர் மறக்கவும் இல்லை. அந்த நாட்டு நகர மன்றத் தேர்தலில் ஒரே பெயருக்கு முத்திரை குத்திவிட்டு வருவது கிடையாது. பிடித்தவருக்கு 1, அவருக்கு அடுத்தவருக்கு 2 என்று எண் போடவேண்டும். முதலாமவர் பின்தங்கி விலக நேர்ந்தால், சீட்டு வீணாகாமல் இரண்டாமவர் கணக்கில் சேரும். விதி எளிதுதான். ஆனால் கிர்க்பிரேக்காரர்களுக்கு அதில் ஒரு பழைய பயம் உண்டு: இரண்டாவது எண்ணைப் போட்டால் முதல் எண்ணின் பலத்தை அது தின்றுவிடும் என்பது. ஆகவே பலரும் 1 மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அந்தப் பயத்தைப் போக்க லோர்ன் ஒரு கதை கட்டினார். மேட்டுத் தெருவில் ஒரு கதவு விடாமல் அந்தக் கதையைச் சொன்னார்.

ஸ்டீமியின் புகைபோக்கியில் ஆண்டுதோறும் கூடு கட்டிய கடற்காகங்கள் இரண்டு இருந்தனவாம். ஒரு வசந்தத்தில் திரும்பி வந்தபோது புகைபோக்கியின் தலை இடிந்திருந்தது. முதல் காகம், "இது இல்லாவிட்டால் எனக்கு எதுவும் வேண்டாம்" என்று சொல்லி, கோடை முழுவதும் அந்த இடத்தையே சுற்றிச்சுற்றிக் கத்தியது. கூடும் இல்லை, குஞ்சும் இல்லை. மற்றது, போன இலையுதிர் காலத்தில் ஊரைவிட்டுக் கிளம்பும்போதே, இது போனால் அது என்று ரொட்டிக்கடைப் புகைபோக்கியைக் கண்ணால் குறித்துவைத்திருந்தது. அப்படிக் குறித்துவைத்ததால் முதல் புகைபோக்கியின்மேல் அதற்கு இருந்த பற்று ஒரு செங்கல் அளவும் குறையவில்லை. முதலாவது நின்றிருந்தால் அதிலேயே கட்டியிருக்கும். நிற்காததால் இரண்டாவதற்குப் போயிற்று; அந்த ஆண்டும் குஞ்சு பொரித்தது.

கதை முடிந்ததும், முதல் எண்ணைத் தமக்கும் இரண்டாவது எண்ணை ரோனாவுக்கும் போடும்படி கேட்டுக்கொண்டு அடுத்த கதவுக்குப் போவார். மேட்டுத் தெருவில் ரோனாவின் நாக்கு கூர்மை என்று முகம் சுளித்தவர்களிடம்கூட, அந்த நாக்கு நகர மன்றத்தில் நமக்காகப் பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கச் சொன்னார்.

"அப்ப இடிஞ்ச புகைபோக்கி நீதானா?" என்று எக் கேட்டபோது அவர் அடுத்த கதவைத் தட்டினார்.

இப்போது அரங்கில் நின்றபடி அவர் தெரிந்துகொள்ளத் தவித்தது இதுதான். கீழ்த்தெருவில் ரோனா தன் ஆட்களிடம் இரண்டாவது எண்ணை யாருக்குப் போடச் சொல்லியிருப்பாள்? தமக்கா? பதவி கிடைத்தால் கிடைக்கட்டும், போனால் போகட்டும். அவளுடைய மனத்தில் முதல் இடம் கேட்கும் தகுதி தமக்கு இல்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டு வெகுநாள் ஆகிறது. இரண்டாவதாகவேனும் இருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

இயந்திரத்துக்குப் புரியாத சீட்டுகளை ஒரு திரையில் பெரிதாக்கிக் காட்டி, செல்லுமா செல்லாதா என்று தேர்தல் அதிகாரி தீர்ப்புச் சொல்வது வழக்கம். கிர்க்பிரே வேட்பாளர்களையும் முகவர்களையும் அதற்காக அழைத்தார்கள். அதிகாரி ஒல்லியான ஓர் அம்மையார். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். ஒருவர் எல்லாப் பெயர்களையும் அடித்துவிட்டுக் கீழே தம் நாயின் பெயரை எழுதியிருந்தார். செல்லாது. ஒருவர் எல்லாருக்கும் 1 போட்டிருந்தார். செல்லாது. அதற்கடுத்த சீட்டு திரையில் வந்ததும் அதிகாரி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசிப் பெயரான வெடர்பர்னுக்கு எதிரே ஒரு பறவை வரையப்பட்டிருந்தது. முதல் பெயரான ஆபர்நெத்திக்கு எதிரே இரண்டு பறவைகள். வேறெங்கும் எதுவும் இல்லை. எண்ணும் இல்லை.

கட்சி வேட்பாளர்களில் இளையவரான ஃப்ரேசர் கில்கோர் இது தேர்தலே தவிர ஓவியப்போட்டி அல்ல என்று மறுப்புத் தெரிவித்தார். பார்த்தவுடனே தள்ளுபடி செய்துவிடலாமே என்பது அவர் கருத்து. அதிகாரி பறவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன, வாத்தா?" என்றார்.

"கடற்காகமுங்க," என்றார் எக். "அலகப் பாருங்க. வரஞ்சவங்க மேட்டுத் தெரு. அது நல்லாத் தெரியுது."

எப்படித் தெரிகிறது என்று அதிகாரி கேட்டார். எக்குக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டு காகங்களின் கதையை ஆதியோடு அந்தமாக, ரொட்டிக்கடைப் புகைபோக்கி உட்பட, அங்கேயே சொல்லி முடித்தார். சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பணியாளர்கள்கூட நின்று கேட்டார்கள். லோர்னுக்குத் தரையில் இருந்த பூப்பந்துக் கோட்டுக்குள் புதைந்துவிடலாம்போல இருந்தது. அதிகாரி சிறிது நேரம் யோசித்தார். எண்ணுக்குப் பதில் வேறு குறி இருந்தாலும் வாக்களித்தவரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் ஏற்கலாம் என்பது விதி. ஒரு பறவை என்றால் ஒன்று. இரண்டு பறவை என்றால் இரண்டு. சீட்டு செல்லும் என்றார்.

கூட்டம் அடுத்த சீட்டுக்கு நகர்ந்தது. ரோனா நகரவில்லை.

"இந்தக் கதைய எங்கெங்க சொன்னான்?" என்று அவள் எக்கிடம் கேட்டாள். லோர்ன் ஒரு முழத் தொலைவில்தான் நின்றார்.

"மேட்டுத் தெரு முழுக்க. ஒரு கதவு விடல. ரெண்டாவது புகைபோக்கி யாருன்னும் சேத்துச் சொன்னான். நாய் கடிச்ச வீட்டுலகூடச் சொல்லிட்டுத்தான் கால் கழுவினான்."

ரோனா தலையைத் தூக்கி லோர்னைப் பார்த்தாள். அந்தக் குழுக் கூட்டத்தில் அவர் செய்யத் தவறியதை இப்போது அவள் செய்தாள் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பார்வையில் அவர் எதிர்பார்த்த நெகிழ்ச்சி இல்லை. திருப்பிக் கொடுக்க மறந்த ஒரு பொருளை நினைத்துக்கொண்டவள்போல அவள் முகம் கலங்கியது. திரும்பிப் போய்விட்டாள்.

அந்தக் கலக்கத்தின் பொருள் தேநீர் மேசையில் தெரிந்தது. கீழ்த்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் நெட்டா ஸ்பிங்க்தான் ரோனாவின் வலது கை. எழுபதைத் தாண்டியவர். மனத்தில் இருப்பதை அடக்கி வைத்தால் உடம்புக்கு ஆகாது என்ற கொள்கை உடையவர். லோர்னின் கோப்பையில் தாமே பாலை ஊற்றினார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்காதே. எங்க பக்கம் நாங்க ஒண்ணு மட்டும்தான் போட்டோம். ரெண்டு போட்டா அவளோட பலம் கொறஞ்சுடும்னு பயம். அவளே அப்படித்தான் சொன்னா."

லோர்ன் கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்றார். எல்லாரிடமுமா அப்படிச் சொன்னாள் என்று மெல்லக் கேட்டார்.

"எல்லார்கிட்டயும். நான்தான் ஒரு நாளு, சரி, ரெண்டாவதா நம்ம லோர்னுக்காவது போடலாமான்னு வாயக் குடுத்தேன். அவ ஆமான்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. நோட்டீஸ மடிச்சுக்கிட்டே இருந்தா. மடிச்சதையே திருப்பித் திருப்பி மடிச்சா." நெட்டா தேநீரை ஒரு வாய் குடித்தார். "கதவுல இன்னும் அவ பேர வச்சிருக்கியாமே. பளபளன்னு இருக்குன்னு தபால்காரன் சொன்னான். அதையும் அவகிட்டச் சொல்லிட்டேன்."

அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று லோர்ன் கேட்கவில்லை. நெட்டாவும் அதைத் தாமாகச் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டது அன்று அது ஒன்றுதான்.

பகல் உணவுக்குப் பின் கிர்க்பிரே வேட்பாளர்களை மறுபடி அழைத்தார்கள். மேடையேறி அறிவிக்கும் முன், முடிவைச் சுற்றுவாரியாக அச்சிட்டு வேட்பாளர்களுக்கும் முகவர்களுக்கும் மட்டும் காட்டுவது முறை. ஒரு மேசையைச் சுற்றி எல்லாரும் நெருங்கி நின்றார்கள். அதிகாரி விரலால் தொட்டுத்தொட்டுப் படித்தார். வார்டுக்கு மூன்று இடங்கள். இரண்டு இடங்களைப் பெரிய கட்சிகள் இரண்டும் முதலிலேயே எடுத்துக்கொண்டன. சில்லறை வேட்பாளர்கள் இருவர் உதிர்ந்தார்கள். மூன்றாவது இடத்துக்கு மூன்று பேர் மிஞ்சினார்கள்: கில்கோர், ரோனா, லோர்ன். கில்கோர் முன்னால் இருந்தார். மற்ற இருவரில் குறைவாக வாங்கியவர் விலகவேண்டும்.

விலகவேண்டியவர் வெடர்பர்ன் என்று அதிகாரி படித்தார். ரோனாவைவிட ஒன்பது வாக்கு குறைவு.

எக்கின் கை லோர்னின் தோளில் விழுந்தது. அதிகாரியின் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. விலகியவரின் சீட்டுகள் எங்கே போயின என்பதைச் சொல்லும் வரி அது. பத்தில் எட்டுக்கும் மேல் ஆபர்நெத்திக்குப் போயிருந்தன. பேருந்தில் ஏறி இறங்கிய மேட்டுத் தெருவே எழுந்து, சரிவில் இறங்கி, அவள் வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததுபோல இருந்தது. கில்கோர் குனிந்து அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு நிமிர்ந்து, முறைப்படி ரோனாவுக்குக் கை கொடுத்தார்.

"ஒம்போது பேரு மாத்திப் போட்டிருந்தாங்கன்னு வையி," என்று எக் காதோடு சொன்னார். "அவ விலகியிருப்பா. அவ சீட்டுல ரெண்டாவதா ஒண்ணுமே இல்ல. உனக்கு ஒண்ணும் வந்திருக்காது. அந்தப் பையன் உள்ள போயிருப்பான். நீ தோத்ததாலதான்டா உங்கள்ல ஒரு ஆளாவது ஜெயிச்சீங்க."

லோர்ன் அதைக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் மனம் வேறொன்றில் தங்கியிருந்தது. விலகியவர்களின் சீட்டுகளில்தான் அடுத்த எண்ணைத் தேடிப் பார்ப்பார்கள். ரோனா விலகவில்லை. அவளுக்கு விழுந்த எந்தச் சீட்டிலும் இன்று இரண்டாவது எண்ணை எவரும் தேடப்போவதில்லை. அந்தச் சீட்டுகளில் ஒன்று அவளுடையதே. நேற்று, வாக்குச்சாவடியின் மரத்தடுப்புக்குள் தனியாக நின்றபோது, தன் பெயருக்கு நேரே 1 போட்ட பிறகு அந்தப் பென்சில் தாளைவிட்டு எழுந்துவிட்டதா? அல்லது தாளின் அடிவரை இறங்கி வந்து, கடைசிப் பெயருக்கு எதிரே ஒரு கணம் நின்றதா?

ரோனா அந்த அச்சுத் தாளைக் கையில் வாங்கியிருந்தாள். வென்றவர்கள் தங்கள் பெயர் இருக்கும் வரியைத்தான் பார்ப்பார்கள். அவள் விரல் வெடர்பர்ன் என்ற வரியின்மேல் அசையாமல் இருந்தது.

மேடையில் அறிவிப்பு நடந்தது. வென்றவர்கள் தேர்தல் அதிகாரிக்கும் பணியாளர்களுக்கும் காவலர்களுக்கும் நன்றி சொல்வது மரபு, ரோனாவும் சொன்னாள். இறுதியில் மேட்டுத் தெரு மக்களுக்கும், அங்குள்ள கடற்காகங்களுக்கும் நன்றி என்றாள். விவரம் தெரியாதவர்கள் வேடிக்கை என்று சிரித்தார்கள். லோர்ன் கைதட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் கை சற்று நேரம் தட்டிக்கொண்டிருந்தது.

புறப்படும்போது எக் இன்னொன்றையும் நினைவூட்டினார். எல்லாச் சீட்டுகளும் எந்தெந்த வரிசையில் எண்ணிடப்பட்டன என்ற முழு விவரத்தையும், யாருடையது என்று தெரியாதவாறு, பிறகு வெளியிடுவார்கள். ஆபர்நெத்திக்கு 1, வெடர்பர்னுக்கு 2 என்று எத்தனை சீட்டு இருக்கிறது என்பதை அதில் பார்த்துவிடலாம். கீழ்த்தெருவே ஒன்று மட்டும் போட்டிருப்பதால் அப்படி அதிகம் இருக்காது. அதில் ஒன்றாவது இருந்தால் அது யாருடையதாக இருக்கும் என்று ஊகிப்பது பெரிய கடினம் இல்லை.

"நீ பாக்காதே, எக். பாத்தாலும் எங்கிட்டச் சொல்லாதே."

"ஏன்டா, இதுக்குத்தானே காலையிலேர்ந்து உசிரக் கையில புடிச்சுட்டு நின்ன?"

"ஒண்ணும் இல்லன்னு போட்டிருந்தா?"

எக் மிஞ்சியிருந்த பிரைடியை அவர் கையில் வைத்துவிட்டு, வண்டியை எடுத்துவருவதாகச் சொன்னார். லோர்ன் பேருந்திலேயே போய்க்கொள்வதாகச் சொன்னார்.

அரங்கின் வெளிப்படிகளில் கடற்பனி கலையத் தொடங்கியிருந்தது. டே ஆற்றுக் கழிமுகத்தின் குறுக்கே ரயில்பாலம் பாதிவரைக்கும் தெரிந்தது. மீதிப் பாதி இன்னும் வெண்மைக்குள் இருந்தது. லோர்ன் படியில் இறங்கும்போது பின்னால் காலடி கேட்டது. யாருடையது என்று திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது. இருந்தும் இந்த முறை அவர் திரும்பி, தலையைத் தூக்கி, நன்றாகப் பார்த்தார்.

ரோனா இரண்டு படி மேலே நின்றாள். மார்பில் குத்தியிருந்த பூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"நெட்டா உங்கிட்டச் சொல்லிட்டாளாமே."

"சொன்னாங்க."

"ஒண்ணு மட்டும் போடச் சொன்னது நான்தான். மத்தவங்க மேல பழி போடல. உன் கதைய யாராவது எங்க பக்கம் வந்து சொல்லியிருந்தா நாங்களும் வேற மாதிரி போட்டிருப்போமோ என்னமோ."

கீழ்த்தெருவுக்கு வரத் துணிவு வரவில்லை என்று லோர்ன் ஒப்புக்கொண்டார். நாயாவது ஒரு தடவைதான் கடிக்கும் என்றார். ரோனாவின் உதட்டோரம் சற்றே அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் அதைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

இருவரும் பாலத்தைப் பார்த்தார்கள். ஒரு ரயில் வெண்மைக்குள்ளிருந்து வெளியே வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டுவிட லோர்ன் அவள் பக்கம் திரும்பினார். அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"ஓட்டு ரகசியம், லோர்ன்," என்றாள், அவர் கேட்காமலே.

"நான் கேக்கலையே."

"கேக்க வந்த. எனக்குத் தெரியாதா உன் முகம்."

உள்ளிருந்து யாரோ புகைப்படத்துக்காக அவளைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு படி மேலே போனாள், நின்றாள், பூவின் நாடாவைத் திருகிக்கொண்டே, அலுவலக அறிவிப்பை வாசிப்பவள்போலச் சொன்னாள்.

"இனிமே செவ்வாக்கிழமை தோறும் நூலகத்துல உக்காந்து வார்டு சனங்களோட குறையக் கேக்கணும். கவுன்சிலருன்னா அது கடமை. யாரு வேணும்னாலும் வரலாம்."

"நானும் உன் வார்டுதானே."

"குறை ஏதாவது இருந்தா வா."

"ஒண்ணு இருக்கு."

"அப்ப வரிசையில நிக்கணும். தெரிஞ்சவருன்னு முன்னால விடமாட்டேன்." கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது திரும்பாமலே சேர்த்துக்கொண்டாள்: "கதவுத் தகட்டை வினிகர் போட்டுத் துலக்காதே. எழுத்துத் தேஞ்சுடும்."

லோர்ன் பேருந்தின் மேல்தளத்தில், முன்னிருக்கையில் போய் உட்கார்ந்தார். இத்தனை ஆண்டு கீழே ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்த தெருக்களை மேலிருந்து பார்ப்பது அவருக்கு இன்னும் பழகவில்லை. பேருந்து சரிவில் ஏறியது. கம்பிவேலியும், அதற்குள் ஆள் உயரப் புதரும், நடுவே செங்கல் புகைபோக்கியும் வந்தன. தலை இடிந்த அந்தப் புகைபோக்கியின் விளிம்பில் ஒரு கடற்காகம் உட்கார்ந்திருந்தது. அது கூடு கட்ட வந்ததா, சும்மா இளைப்பாற வந்ததா என்று கீழிருந்து மட்டும் இல்லை, பேருந்தின் மேல்தளத்திலிருந்தும் சொல்ல முடியவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு என்ன குறையைக் கொண்டுபோவது என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லலாம். ஆனால் அதை மறுநாளே சரிசெய்துவிடுவார்கள். நடைபாதைக் கல் பெயர்ந்திருப்பதைச் சொல்லலாம். அதுவும் மிஞ்சிப்போனால் ஒரு வாரம். ரோனா எடுத்த வேலையை முடிக்காமல் விடுகிறவள் இல்லை, அதுதான் சங்கடம். பேருந்து மேட்டுத் தெருவுக்குள் திரும்பும்வரை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டே வந்தார். பிறகு கழுத்தைத் திருப்பி, பின்னால் சிறுத்துக்கொண்டே போன புகைபோக்கியைப் பார்த்தார். இந்த இடத்தை என்ன செய்யப் போகிறோம் என்று கேட்கலாம். அது ஒரு செவ்வாய்க்கிழமையில் தீர்ந்துவிடக்கூடிய குறை இல்லை.